அரியமான் கரையில் இரவு தங்கும் கேரவனுக்கு எந்த ஜெனரேட்டர்?

கேள்வி: மதுரை வாசகர், 2025 மார்ச் 8

16 அடி இழுவைக் கேரவன் ஒன்று வாங்கியிருக்கிறோம். உள்ளே ஒரு டன் ஏ.சி., சின்ன ஃபிரிட்ஜ், நான்கு விளக்கு, இரண்டு மின்விசிறி, தண்ணீர் மோட்டார், மிக்ஸி. கோடை விடுமுறையில் ராமநாதபுரம் மாவட்டத்தின் ஏர்வாடி, அரியமான், தொண்டி என்று கரையோரமாகவே தங்கிப் போகலாம் என்பது திட்டம். 5 கே.வி.ஏ. திறனுள்ள டீசல் ஜெனரேட்டருக்குக் குறைந்து வாங்கினால் ஏ.சி. ஓடவே ஓடாது என்கிறார் கடைக்காரர். இரவு முழுக்க ஓட வேண்டும். எதை வாங்குவது?

மார்ச் 8, இரவு

கடைக்காரர் 5 கே.வி.ஏ. என்று ஏன் சொல்கிறார் என்பது புரிகிறது. பழைய வகை ஒரு டன் ஏ.சி. ஓடும்போது 1,100, 1,200 வாட் இழுக்கும். கம்ப்ரெஸர் கிளம்பும் நொடியில் மட்டும் அதைப்போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் கேட்கும். அந்த ஒரு நொடிக்காகத்தான் இவ்வளவு பெரிய இயந்திரத்தைத் தலையில் கட்டுகிறார்கள். மீதி நேரம் முழுவதும் அது தன் திறனில் கால்வாசியில் ஓடும். டீசல் இன்ஜினுக்கு அது ஆகவே ஆகாது. குறைந்த சுமையில் மணிக்கணக்கில் ஓட்டினால் எரியாத டீசல் சைலன்சருக்குள் கறுப்புப் பிசினாகப் படியும். முப்பது சதவீதச் சுமைக்குக் கீழே தினமும் ஓடும் டீசல் ஜெனரேட்டர் சீக்கிரமே புகை தள்ள ஆரம்பித்துவிடும்.

எனவே முதலில் ஏ.சி.யைப் பாருங்கள். அது இன்வர்ட்டர் ஏ.சி.யாக இருந்தால் மெதுவாகக் கிளம்பும், அந்த ஐந்து மடங்கு இழுப்பே இருக்காது. பழைய வகையாக இருந்தால் ஜெனரேட்டருக்குப் போடவிருக்கும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து ஏ.சி.யை மாற்றுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் உங்கள் கேள்வியில் என்னை உறுத்துவது கே.வி.ஏ. அல்ல. "இரவு முழுக்க ஓட வேண்டும்" என்ற வரிதான். நான் கீழக்கரைக்காரன். ஓமனில் எலக்ட்ரீசியனாகப் பல வருடங்கள் இருந்தவன். அங்கே விடுமுறை என்றால் குடும்பம் குடும்பமாகக் கேரவனை இழுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவார்கள். ஜெனரேட்டரைப் பொருத்திக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் எங்கள் வேலையில் ஒரு பகுதி. ஊர் திரும்பிய பிறகு காக்காவும் (அண்ணனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) நானும் சேர்ந்து ஒரு சின்னக் கேரவன் வாங்கினோம். உம்மாவுக்கு, அதாவது எங்கள் அம்மாவுக்கு, இன்சுலின் உண்டு. ஃபிரிட்ஜ் நிற்கக் கூடாது. மாற்று மின்சாரம் எங்களுக்கு ஆடம்பரமாக என்றுமே இருந்ததில்லை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஆட்கள் தூங்கும்போது ஜெனரேட்டர் ஓடக் கூடாது. இரவுக்கு பேட்டரி. அந்த பேட்டரியைப் பகலில் நிரப்ப வெயிலும் ஒரு சின்ன ஜெனரேட்டரும். இதை ஒப்புக்கொண்டால் 5 கே.வி.ஏ. என்ற பேச்சுக்கே இடமில்லை.

மார்ச் 9

கணக்கு கேட்டிருக்கிறீர்கள். போட்டுப் பார்ப்போம்.

முதலில் ஏ.சி. இல்லாத இரவு. 9 வாட் விளக்கு நான்கு, நான்கு மணி நேரம்: ஏறத்தாழ 145 வாட்-மணி. குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. மின்விசிறி ஒன்று 30 வாட். இரண்டும் ஒன்பது மணி நேரம் சுற்றினால் 540. 12 வோல்ட்டில் ஓடும் கம்ப்ரெஸர் ஃபிரிட்ஜ் பாதி நேரம் ஓடி பாதி நேரம் ஓய்ந்தால் பத்து மணி நேரத்துக்கு 250. கூட்டினால் ஒரு யூனிட்டுக்கும் (1,000 வாட்-மணி) சற்றுக் குறைவு. 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்றில் 1.28 யூனிட் இருக்கிறது. ஒரே பேட்டரி, முழு இரவு. ஜெனரேட்டரைத் தொடவே வேண்டாம்.

ஏ.சி. வந்தால் நிலைமை வேறு. நன்றாக வெப்பம் தடுக்கப்பட்ட சின்ன அறையில், முக்கால் டன் இன்வர்ட்டர் ஏ.சி.யை 27 டிகிரியில் வைத்தால் சராசரியாக 450 வாட் என்று வையுங்கள். எட்டு மணி நேரத்துக்கு 3.6 யூனிட். விளக்கு, விசிறி, ஃபிரிட்ஜையும் சேர்த்தால் நான்கரை. அப்போது அதே பேட்டரியில் நான்கு வேண்டும். விலை உறைக்கும், உண்மைதான். ஆனால் அந்த நான்கையும் நிரப்ப 2 கே.வி.ஏ. வகை இன்வர்ட்டர் ஜெனரேட்டர் பகலில் நான்கு மணி நேரம் ஓடினால் போதும். மூன்று லிட்டருக்குச் சற்று மேலே பெட்ரோல் செலவாகும். அந்த ஜெனரேட்டரின் எடை 21 கிலோ போல இருக்கும். ஒருவர் ஒரு கையால் தூக்கி இறக்கலாம்.

பழைய வகை 5 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டரை இதோடு ஒப்பிடுங்கள். நம் நாட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் தர அது எப்போதும் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றியே ஆக வேண்டும். ஒரு விளக்கு எரிந்தாலும் அதே 3,000. இன்வர்ட்டர் வகையில் சுமை குறைந்தால் இன்ஜினும் தணிந்து ஓடும். வரும் மின்சாரத்தை உள்ளே இருக்கும் மின்னணுப் பலகை 230 வோல்ட்டாக, சீரான அலையாக மாற்றிக் கொடுக்கும். எரிபொருளிலும் சத்தத்திலும் இவ்வளவு வித்தியாசம் வருவது இதனால்தான்.

மார்ச் 9, பிற்பகல்

மிக்ஸியை விட்டுவிட்டேன் என்று நினைவூட்டியவருக்கு: 750 வாட் மிக்ஸி இரண்டு நிமிடம் ஓடுவது கணக்கில் தூசு. இண்டக்‌ஷன் அடுப்புதான் எமன். 2,000 வாட் அடுப்பை 2 கே.வி.ஏ. ஜெனரேட்டரில் செருகினால் உடனே நின்றுவிடும். கரைக்கு வந்தால் கேஸ் அடுப்பு போதும்.

மார்ச் 14

தொண்டி நண்பர் ஒருவர், "சூரியத் தகடு இருக்கும்போது ஜெனரேட்டர் எதற்கு? 648 மெகாவாட் நிலையத்தைக் கமுதியில் கட்டியது நம் மாவட்ட வெயிலை நம்பித்தானே?" என்று எழுதியிருக்கிறார். உண்மை. 2016இல் அது தொடங்கியபோது நாடே நம் வறண்ட மண்ணைத் திரும்பிப் பார்த்தது. வெயில் நம்மிடம் குறைவில்லை. கூரைதான் குறைவு.

16 அடிக் கேரவனின் கூரையில் ஏ.சி. வெளிப்பெட்டி, காற்றுத் திறப்பு எல்லாம் போக 400 வாட் தகடு இரண்டு நெருக்கமில்லாமல் பொருந்தும். கிடையாகப் படுத்திருக்கும் தகடு, அதுவும் நம் ஊர்ச் சூட்டில், எழுதியிருக்கும் வாட்டைத் தராது. தெளிந்த நாளில் இரண்டும் சேர்ந்து மூன்று யூனிட் தந்தால் நல்ல நாள். ஏ.சி. இல்லாத குடும்பத்துக்கு அது தாராளம். அவர்கள் ஜெனரேட்டரை மறந்துவிடலாம். ஏ.சி. வேண்டுவோருக்குப் பற்றாக்குறை உண்டு.

நிழலையும் கவனியுங்கள். வண்டியைப் பனை நிழலில் நிறுத்தினால் உள்ளே குளிர்ச்சி, மேலே தகடு செத்துவிடும். சீமைக்கருவேலம் பக்கத்தில் நிறுத்தினால் இரண்டும் கெட்டு, டயரில் முள்ளும் ஏறும்.

அப்புறம் வாடைக் காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தொடர்ந்து நாலு நாள் வெயில் தலைகாட்டாமல் போகும். 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் உம்மாவின் இன்சுலினுக்குக் காவல் அந்தச் சின்ன ஜெனரேட்டர்தான். மாற்று ஏற்பாடு என்பதன் பொருளே அதுதானே: எப்போதாவது வேண்டும், வேண்டும்போது கட்டாயம் வேண்டும்.

மார்ச் 22

"ஜெனரேட்டரை வெளியில்தானே வைக்கிறோம், தூங்கும்போது ஓடினால் என்ன?" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். இதற்கு நீளமாகவே எழுத வேண்டும்.

பெட்ரோல் இன்ஜினின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறம் கிடையாது, மணம் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலி, குமட்டல் என்று ஏதாவது முன்னறிவிப்பு கிடைக்கும். தூங்குகிறவருக்கு அதுவும் கிடைக்காது. கரிமூட்டம் போடும் மாவட்டம் நம்முடையது. மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துப் படுத்தால் என்ன ஆகும் என்று பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஜெனரேட்டர் செய்வதும் அதே வேலை. அது சுவருக்கு வெளியே நிற்பதால் நாம் அசட்டையாக இருக்கிறோம், அவ்வளவுதான்.

கேரவனின் தரையில் குழாய் நுழையும் ஓட்டைகள், கூரையில் காற்றுத் திறப்பு, கதவின் அடியில் இடைவெளி எல்லாம் இருக்கும். ஜன்னலைச் சாத்திவிட்டு ஏ.சி. போட்டால் புகை வராது என்று நம்பாதீர்கள். ஜெனரேட்டருக்கும் வண்டிக்கும் குறைந்தது ஆறு மீட்டர் இடைவெளி. புகைபோக்கி வண்டியைப் பார்க்காமல் எதிர்ப்புறம் பார்க்க வேண்டும். உள்ளே பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று. ஜெனரேட்டருக்குப் பணம் இருந்து அலாரத்துக்கு இல்லை என்றால், ஜெனரேட்டரை அடுத்த வருடம் வாங்குங்கள்.

இதில் நம் கரைக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு: காற்று திரும்பும். சேதுக்கரைப் பக்கம், மன்னார் வளைகுடாவை ஒட்டி, வண்டியை நிறுத்தியிருந்தோம். மாலையில் கடலிலிருந்து நல்ல காற்று. ஜன்னலோரம் உம்மா சாம்பிராணி போட்டார். புகை நேராக வடக்கே, ஊர்ப்பக்கம் போனது. பேட்டரியில் விளக்கெல்லாம் எரிய, எல்லோரும் படுத்தார்கள். காக்கா விடியற்காலை பஜ்ர் தொழுகைக்கு முன்பே எழுந்து, அந்தத் தூபக்காலில் மிச்சமிருந்த கங்கில் இன்னும் கொஞ்சம் சாம்பிராணி தூவி எனக்குக் காட்டினார். புகை ஜன்னல் கம்பியில் தயங்கி நின்று, அப்படியே தெற்கே சாய்ந்து கடலை நோக்கி நகர்ந்தது. மாலையில் காற்றின் போக்கைப் பார்த்து ஜெனரேட்டரை வடக்கே வைத்துவிட்டு ஓடவிட்டிருந்தால், விடியும் முன் அந்தப் புகை எங்கள் மீதுதான் வந்திருக்கும்.

பகலில் கடற்காற்று, இரவில் தரைக்காற்று என்பது பள்ளிப் பாடம். ஆனால் எல்லா மாதமும் அது ஒரே மாதிரி நடப்பதில்லை. கச்சான் காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் இரவிலும் தென்மேற்கிலிருந்தே வரும். வாடைக் காலத்தில் வடகிழக்கிலிருந்து. அரியமான் பாக் விரிகுடாப் பக்கம், கடல் வடக்கே இருக்கிறது. எனவே கச்சானில் அங்கே ஜெனரேட்டர் கடல் பக்கம் நிற்க வேண்டும், வாடையில் ஊர்ப்பக்கம். கீழக்கரை, ஏர்வாடியில் கடல் தெற்கே. அங்கே இது தலைகீழ். பகலில் ஓட்டுவதற்கே இவ்வளவு யோசனை வேண்டும். தூங்கிக்கொண்டு யார் யோசிப்பது?

ஏப்ரல் 7

நேற்று புதிய பாம்பன் ரயில் பாலத்தைத் திறந்துவிட்டார்கள். ஊரே அதைத்தான் பேசுகிறது. நானும் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1914இல் திறந்த பழைய பாலத்தை உப்புதான் தின்றது. நடுவில் திறந்து மூடும் பகுதி அரித்துப்போனதால் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்ஸேன் பூச்சு என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். இரும்புப் பாலத்துக்கே இவ்வளவு காவல் தேவைப்படும் காற்றில், மெல்லிய தகரப் பெட்டிக்குள் செம்புக் கம்பியும் அலுமினியமும் வைத்த இயந்திரத்தைக் கொண்டுபோய் வைக்கிறோம்.

மண்டபத்தில் ஒருவர் தன் பழைய வகை ஜெனரேட்டரைக் கொண்டுவந்து கழற்றச் சொன்னார். வாடைக் காலம் முழுதும் தார்ப்பாய் போட்டு மூடி, கரையிலேயே வைத்திருந்தாராம். மூடியைத் திறந்ததும் சிலிண்டரின் குளிர்வுத் தகடுகளுக்கு இடையே வெள்ளைப் பொடி. விரல் வைத்தால் மாவு போல ஒட்டியது. மின்சாரம் உண்டாக்கும் பகுதியான ஆல்டர்னேட்டரில் இரண்டு செம்பு வளையங்கள், கரித்துண்டு உரசிப் பளபளவென்று இருக்க வேண்டியவை, பச்சை படர்ந்து கிடந்தன. ஒரு கரித்துண்டு கூட்டிலேயே இறுகிப்போய் அசையவில்லை. ஏர் ஃபில்டர் பஞ்சைப் பிழிந்தால் எண்ணெயோடு மணல். இன்ஜின் உதைத்தவுடன் கிளம்பியது. மின்சாரம் மட்டும் வரவில்லை. இயந்திரத்தில் குறையே இல்லை. தார்ப்பாய்தான் ஈரத்தை உள்ளே பிடித்துவைத்துக் கெடுத்தது. தரை வரை இறுக்கி மூடாதீர்கள். அடியில் காற்று புகும்படி மேடை, மேலே கூரை, பக்கங்களில் திறப்பு. ஊர் திரும்பியதும் கரையிலிருந்து உள்ளே, வீட்டில் வையுங்கள்.

இன்வர்ட்டர் வகைக்கு இங்கே ஓர் அனுகூலம் இருக்கிறது. அதன் ஆல்டர்னேட்டரில் சுற்றுவது நிலைக்காந்தம். செம்பு வளையமும் கிடையாது, கரித்துண்டும் கிடையாது. மின்னணுப் பலகையைப் பெரும்பாலும் பிசினில் பதித்துவிடுகிறார்கள். உப்பு நுழையக்கூடிய வாசல்கள் குறைவு. அதற்காக விட்டுவிடக் கூடாது. பயணம் முடிந்ததும் இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தைத் துடையுங்கள். குழாயால் பீய்ச்சாதீர்கள். வயர் இணைப்புகளில் மின்தொடர்புக்கான கிரீஸ் தடவுங்கள். பயணம் இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறை அரை மணி நேரம் ஏதாவது சுமை கொடுத்து ஓட்டுங்கள். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் ஈரம் போய்விடும்.

ஏப்ரல் 19

மீன்பிடித் தடைக்காலம் 15ஆம் தேதி தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில். நம் கரையோரத்தில் இன்ஜின் தெரிந்த மெக்கானிக் ஒவ்வொருவரும் இப்போது படகு இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பார். கோடைப் பயணத்தில் ஜெனரேட்டர் மக்கர் செய்தால் உங்கள் முறை வரக் காத்திருக்க வேண்டும். புறப்படும் முன்பே சர்வீஸ் முடித்துவிடுங்கள். ஸ்பார்க் பிளக் ஒன்று, இழுகயிறு ஒன்று, ஏர் ஃபில்டர் பஞ்சு ஒன்று, ஒரு லிட்டர் இன்ஜின் ஆயில் வண்டியில் கட்டாயம் இருக்கட்டும்.

இன்வர்ட்டர் வகையே மேல் என்று திரும்பத் திரும்ப எழுதுகிறேன். ஆனால் திருப்பாலைக்குடி அண்ணன் ஒருவர் நேற்று கேட்டது என்னை யோசிக்க வைத்தது. "பழைய ஜெனரேட்டர் கெட்டால் ராமநாதபுரத்தில் காயில் கட்டுபவர் இரண்டு நாளில் கட்டித் தருவார். உன் இன்வர்ட்டர் பலகை போனால் யார் தருவார்?" நியாயமான கேள்வி. பலகை போனால் அப்படியே மாற்ற வேண்டும்; மதுரைக்குத் தூக்கிப் போக வேண்டும்; விலை ஜெனரேட்டரில் ஒரு பெரும் பங்கு. வருடம் முழுவதும் கரையிலேயே நிற்கும் வண்டி, பக்கத்தில் தெரிந்த மெக்கானிக், ஓட்டுவது வெல்டிங், பம்ப்செட் போன்ற முரட்டு வேலை என்றால், பழைய வகை பிழை இல்லை என்று இப்போது நினைக்கிறேன். குடும்பத்தோடு வந்து போகிறவருக்கு, பேட்டரி சார்ஜரும் ஃபிரிட்ஜும் மட்டுமே சுமை என்றால், என் எண்ணம் மாறவில்லை.

மலிவாகக் கிடைக்கிறது என்று பெயர் தெரியாத இன்வர்ட்டர் ஜெனரேட்டரை வாங்கவே வாங்காதீர்கள். மதுரையிலோ ராமநாதபுரத்திலோ அதற்குச் சர்வீஸ் மையம் இருக்கிறதா, பலகை கையிருப்பில் வைத்திருக்கிறார்களா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.

மே 3

எரிபொருள்.

இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், நம் கரையில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. டேங்க்கில் மாதக்கணக்கில் கிடந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். கார்புரேட்டருக்கு முதலில் போவது அந்த அடிக்கலங்கல்தான். "சும்மாவே வைத்திருந்தேன், கிளம்பவில்லை" என்று வரும் ஜெனரேட்டர்களில் பெரும்பாலும் நான் பார்ப்பது அடைத்துப்போன கார்புரேட்டர் ஜெட். பயணம் முடிந்ததும் டேங்க்கை வடித்து வண்டிக்கு ஊற்றிவிடுங்கள். பிறகு பெட்ரோல் குழாயை மூடி, இன்ஜின் தானே நிற்கும் வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டர் காலியாகிவிடும். ஐந்து நிமிட வேலை.

பிளாஸ்டிக் கேனில் பெட்ரோல் வாங்கிப் போகலாமா என்று கேட்டவருக்கு: கூடாது. 1934ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி உரிமம் இல்லாமல் 30 லிட்டர் வரை வைத்திருக்கலாம். ஆனால் உலோகக் கலனில், ஒரு கலன் 25 லிட்டரைத் தாண்டாமல். ஐந்து லிட்டர் இரும்பு கேன் ஒன்று போதும். அதைக் கேரவனுக்குள் வைக்காதீர்கள். வெயில் படாத வெளிப்பெட்டியில் வையுங்கள். ஓடும் ஜெனரேட்டரில் பெட்ரோல் ஊற்றும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

கேஸில் ஓடும் ஜெனரேட்டரைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். கார்புரேட்டர் அடைக்காது, நாற்றமும் குறைவு. திறன் பத்து சதவீதம்போலக் குறையும். வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டரை இதற்குப் பயன்படுத்த அனுமதி இல்லை; வணிகச் சிலிண்டர்தான் வேண்டும். கரையோரச் சிற்றூரில் ஞாயிற்றுக்கிழமை அதைத் தேடி அலைவதைவிடப் பெட்ரோல் பங்க் எளிது.

மே 25

கச்சான் ஏறிவிட்டது. இந்தக் காற்றில் கேரவனை இழுத்துக்கொண்டு பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறுகிறவர்கள் இந்தக் குறிப்பை மட்டுமாவது படியுங்கள்.

100 கிலோவைத் தாண்டும் டீசல் ஜெனரேட்டரைக் கேரவனின் பின்பக்கச் சட்டத்தில் பொருத்தித் தருகிறார்கள். செய்யாதீர்கள். இழுவைக் கொக்கியின் மேல் கேரவனின் மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் அழுத்த வேண்டும். பின்னால் எடை கூடினால் முன்னால் கொக்கி லேசாகும். கொக்கி லேசானால் பக்கவாட்டுக் காற்றில் கேரவன் வால் ஆட்டத் தொடங்கும். பாலத்தின் நடுவில் அந்த ஆட்டம் பிடித்தால் இழுக்கும் வண்டியையும் சேர்த்து உலுக்கும். 21 கிலோ இயந்திரத்தை இழுக்கும் காரின் டிக்கியிலேயே, பெட்ரோல் இல்லாமல், பெல்ட் போட்டு வைத்துவிடலாம். நான் சின்னதை வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெரிய சுமை எப்போதாவது வரும் என்றால் ஒரே வகை 2 கே.வி.ஏ. இரண்டை இணைப்பு கேபிளால் சேர்த்து ஓட்டலாம். ஒன்று கெட்டாலும் இன்னொன்று இருக்கும்.

ஜூன் 15

தடைக்காலம் நள்ளிரவோடு முடிந்தது. கடலுக்குப் போகிறவர்கள் சாயங்காலமே படுத்து நடுச்சாமத்தில் எழுவார்கள். அந்த ஊர்க் கரையில் இடம் வாங்கித் தங்கிக்கொண்டு இரவு பத்து மணிக்கு ஜெனரேட்டரை முடுக்கினால் அவர்கள் தூக்கம் போகும். முகம் சுளிக்காமல் தண்ணீரும் மீனும் தருகிற ஜனங்கள். வண்டியை நிறுத்தும் முன் ஊர்ப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், ஓட்டும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். காலை ஒன்பதுக்கு மேல், பகல் ஒன்றுக்குள் என்பது எங்கள் வழக்கம். யாரும் இதுவரை வேண்டாம் என்றதில்லை.

ஜூலை 6

உச்சிப்புளிப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டது: "அண்ணே, ஜெனரேட்டரில் ஓடும்போது கேரவனின் ஆர்.சி.சி.பி.யில் (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறது. அப்போது பாதுகாப்புதானே?"

இல்லை தம்பி. பொத்தானை அழுத்தும்போது அந்தக் கருவி தனக்குள்ளேயே ஒரு கசிவை உண்டாக்கிப் பார்க்கிறது. தான் வேலை செய்வதை மட்டும் சொல்கிறது. சிறிய ஜெனரேட்டர்களில், முக்கியமாக இன்வர்ட்டர் வகையில், நியூட்ரல் எதனோடும் கட்டப்படாமல் மிதந்துகொண்டிருக்கும். அப்படி இருக்கையில் ஃபேஸ் வயர் கேரவன் உடம்பில் பட்டாலும் மின்னோட்டம் திரும்பிப் போக வழி இல்லை; 30 மில்லி ஆம்பியர் கருவிக்குக் கசிவே தெரியாது. முதல் பழுது மறைந்தே இருக்கும், இரண்டாவது பழுதில்தான் ஆள் அடிபடுவார். நியூட்ரலை ஜெனரேட்டர் சட்டத்தோடு இணைத்து, அந்தச் சட்டத்தைக் கேரவன் அடிச்சட்டத்தோடு எர்த் வயரால் கட்ட வேண்டும். இதை ஜெனரேட்டர் கையேட்டைப் படித்துப் பார்க்கும் எலக்ட்ரீசியனை வைத்துச் செய்யுங்கள். யூடியூப் பார்த்துச் செய்ய வேண்டாம். ஊர் மின்சாரத்தில் செருகும்போது அந்த இணைப்பு இருக்கக் கூடாது. அதற்காகத் தனி பிளக்கில் செய்துவைப்பது வழக்கம்.

மணலில் கம்பி அடித்தால் எர்த் ஆகிவிடும் என்று நினைக்காதே. மேலே காய்ந்த மணல் மின்சாரத்தைக் கடத்தவே கடத்தாது.

ஆகஸ்ட் 10

பரமக்குடியிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு இரவில் ஆக்சிஜன் செறிவூட்டி வேண்டும். அவருக்குக் கடல் பார்க்க ஆசை. "நீங்கள் சொல்வதுபோல் இரவில் ஜெனரேட்டரை நிறுத்தினால் அவர் கதி என்ன?"

இந்த ஒரு குடும்பத்துக்காக என் விதியைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் தரும் செறிவூட்டி 350 வாட் இழுக்கும். பத்து மணி நேரத்துக்கு மூன்றரை யூனிட். அதற்கு மட்டும் தனியாக, வேறு எதுவும் செருகாத ஐந்து யூனிட் பேட்டரி ஒன்று. அதற்கென்று தனி இன்வர்ட்டர். ஏ.சி., ஃபிரிட்ஜ் எல்லாம் வேறு பேட்டரியில். ஜெனரேட்டர் பகலில் இரண்டையும் நிரப்பட்டும். நள்ளிரவில் பேட்டரியே காலை வாரினால் அப்போது ஜெனரேட்டரை ஓட்டலாம், ஆனால் ஒருவர் விழித்து வெளியே உட்கார்ந்து காற்றைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மூச்சு சிரமப்படும் மனிதருக்குக் கார்பன் மோனாக்சைடு மற்றவர்களைவிடச் சீக்கிரம் கேடு செய்யும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, மருத்துவரிடம் கேட்டு ஒரு சிறிய ஆக்சிஜன் சிலிண்டரை வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள், தங்கை. அதற்கு மின்சாரமே வேண்டாம். ஒதுக்குப்புறமான கரை வேண்டாம், அரியமானில் நிறுத்துங்கள். அங்கிருந்து நெடுஞ்சாலை ஏறினால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரே சாலை. காரைக் கேரவனிலிருந்து கழற்றி, முகப்பைச் சாலைப் பக்கம் திருப்பி நிறுத்தி வையுங்கள். புறப்படும் முன் வீட்டு வாசலிலேயே ஓரிரவு இதே ஏற்பாட்டில் அப்பாவைத் தூங்க வைத்துப் பாருங்கள். காலையில் பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று எனக்கு எழுதுங்கள். கால்வாசிக்குக் கீழே இறங்கியிருந்தால் இன்னொரு பேட்டரி சேர்த்துவிட்டுப் புறப்படலாம்.